முள் குத்திய இடம்

நேயர்களுக்கு வணக்கம். முதலிலேயே ஒரு மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்கு நான் பேசப்போவதில் சீழ், சளி, கட்டி, புண் எல்லாம் வரும். சாப்பிட்டுக்கொண்டே வானொலி கேட்கிறவர்கள் கை கழுவிவிட்டு வந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. எப்படியும் சொன்னதையே இன்னொரு தடவை சொல்வேன். வகுப்பெடுத்துப் பழகிய வாய்.

நான் 34 வருஷம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். கடைசிப் பத்து வருஷம் லேப் டெக்னீஷியன் படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடமும் எடுத்தேன். டாக்டர் இல்லை. அதனால் மருந்து மாத்திரை எதுவும் என் வாயிலிருந்து வராது. ஆனால் வெள்ளணுக்களோடு எனக்கு நல்ல பழக்கம். ஒரு ஸ்லைடில் நூறு அணுக்களை எண்ண வேண்டும். நாளைக்கு முப்பது நாற்பது ஸ்லைடு. வருஷத்துக்கு முன்னூறு நாள் என்று வைத்துக்கொண்டு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். எனக்கு அந்தக் கணக்கைப் போட்டால் கண் வலிக்கிறது.

நிலையத்தில் கொடுத்த தலைப்பு, பிறக்கும்போதே உடம்போடு வருகிற நோயெதிர்ப்பு. பள்ளிப் புத்தகத்தில் இதை 'இயல்பு நோய்த்தடைக்காப்பு' என்று போட்டிருப்பார்கள். நான் சுருக்கமாகப் பிறவிக் காப்பு என்று சொல்லிக்கொள்கிறேன். தடுப்பூசி போட்டால் வருவது, அம்மை வந்து போனபின் வருவது, அதெல்லாம் வேறு. அது பழகி வருவது. ஒரு கிருமியை முதன்முறை பார்த்து, அதற்கென்றே ஆயுதம் தயாரித்து முடிக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுவரை கிருமி சும்மா இருக்குமா? சில பாக்டீரியாக்கள் வசதி கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, 12 மணி நேரத்தில் 6,000 கோடியைத் தாண்டிவிடும். ராத்திரி ஒரு ஸ்பூன் மோர் ஊற்றிவிட்டுப் படுத்தால் விடிவதற்குள் பாத்திரம் முழுக்கத் தயிராகிறதே, அதே கணக்குதான். ஆக, முதல் வாரம் நம்மைப் பார்த்துக்கொள்கிறது எது? அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

எங்கள் ஊர்க் கண்மாய்க் கரை முழுக்கச் சீமைக் கருவேல மரம். செருப்பில்லாமல் திரிகிற வயசு. எட்டு ஒன்பது வயது இருக்கும்போது குதிகாலில் ஒரு முள் ஏறி நுனி ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்டது. அப்பத்தா ஊக்கைச் சிம்னி விளக்கில் சுட்டு நோண்டிப் பார்த்தாள். வரவில்லை. "விடு, பழுத்தால் தானா வரும்" என்றாள். மறுநாள் அந்த இடம் சிவந்தது. அதற்கு மறுநாள் வீங்கி, தொட்டால் சுட்டது. தொடையிடுக்கில் நெறி கட்டிக்கொண்டது. ராத்திரி காய்ச்சல். நாலாம் நாள் தோலுக்கடியில் மஞ்சளாக ஒரு புள்ளி தெரிந்தது. அப்பத்தா இரண்டு கட்டைவிரலையும் வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள். சீழோடு முள்ளின் நுனியும் வெளியே வந்து விழுந்தது. அதை நகத்தின்மேல் ஏற்றி, வெளிச்சத்தில் எனக்குக் காட்டினாள். அரிசிக் குருணை அளவுகூட இல்லை.

'பழுக்கிறது' என்கிறோம் பாருங்கள், அந்தச் சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பழம் அழுகுவதில்லை, பழுக்கிறது. ஒரு வேலை நடந்து முடிந்து, தயாராகிவிட்டது என்று அர்த்தம். இன்றைக்கு நான் சொல்ல வந்ததும் அதுதான். சிவந்தது, வீங்கியது, சுட்டது, வலித்தது, நெறி கட்டியது, காய்ச்சல் அடித்தது, சீழ் வைத்தது. இதில் பெரும்பாலானதைச் செய்தது கிருமி இல்லை. என் உடம்பு. அந்த முதல் நான்கையும், அதாவது சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்ற நான்கையும், ரோமாபுரியில் செல்சஸ் என்பவர் ஏறக்குறைய 2,000 வருஷத்துக்கு முன்பே ஒரே வரியில் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அவை ஏன் வருகின்றன என்பது தெரிய 19 நூற்றாண்டு ஆனது. தெரிந்ததும் ஒரு முள்ளால்தான்.

இந்தக் கதையை நான் எல்லா வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1882. இத்தாலிக்குக் கீழே சிசிலித் தீவில் மெசினா என்ற ஊர். ரஷ்யப் பேரரசின் ஒடெஸா பல்கலைக்கழகத்தில் வேலையை விட்டுவிட்டு ஒருவர் அங்கே குடும்பத்தோடு வந்து தங்கியிருக்கிறார். பெயர் இலியா மெச்னிகோவ். மருத்துவர் இல்லை, விலங்கியல்காரர். கடலில் கிடைக்கிற சின்னச் சின்ன ஜீவன்களைப் பார்ப்பதுதான் அவர் வேலை. அப்போது அவருக்கு வயது 37. முதல் மனைவி காசநோயில் இறந்துவிட்டார். இரண்டு முறை தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ளப் பார்த்து, பிழைத்த மனிதர். இரண்டாவது மனைவி ஓல்கா. அவருடைய தம்பி தங்கைகளும் இவர் பொறுப்பில்.

ஒருநாள் வீட்டில் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டார்கள். குரங்குகள் ஏதோ பிரமாதமாக வித்தை காட்டுகின்றன என்று ஊரே பேச்சு. இவர் போகவில்லை. மைக்ராஸ்கோப்பும் தானுமாக உட்கார்ந்து, நட்சத்திர மீனின் குஞ்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். குஞ்சு என்றால் தண்ணீர்போல் கண்ணாடியாக இருக்கும். உள்ளே நடப்பதெல்லாம் அப்படியே தெரியும். அதன் உடம்புக்குள் சில செல்கள் தாமாக நகர்ந்து திரிந்துகொண்டிருக்கின்றன. திடீரென்று அவருக்கு ஒரு எண்ணம். இந்தச் செல்கள் சும்மா திரியவில்லை, வெளியிலிருந்து வருகிற தொந்தரவை எதிர்க்கத்தான் இருக்கின்றனவோ? இருப்புக் கொள்ளவில்லை அவருக்கு. அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார். கடற்கரைக்குப் போய் யோசிக்கிறார். நம் விரலில் முள் குத்தினால் சுற்றிச் சீழ் கோத்துக்கொள்கிறதே, நட்சத்திர மீனுக்கும் முள் குத்தினால்?

வீட்டுத் தோட்டத்தில் ஒரு கமலா ஆரஞ்சுச் செடி. சில நாள் முன்புதான் பிள்ளைகளுக்காக அதைக் கிறிஸ்துமஸ் மரமாக அலங்கரித்திருந்தார்களாம். அதே தோட்டத்தில் ரோஜாவும் இருந்தது. ரோஜா முள்ளை ஒடித்து, அந்தக் கண்ணாடிக் குஞ்சுகளின் தோலுக்கடியில் செருகினார். அன்றைக்கு ராத்திரி தூக்கமே இல்லை. விடிந்ததும் போய்ப் பார்த்தால், ஒவ்வொரு முள்ளைச் சுற்றிலும் செல்கள் கூட்டமாக மொய்த்துக்கொண்டிருக்கின்றன.

முள்ளை முள்ளால் எடுப்பது நமக்குத் தெரியும். ஒரு முள்ளால் இவ்வளவு பெரிய சங்கதியை எடுத்தவர் இவர் ஒருவர்தான்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், வெள்ளணுவுக்குள் கிருமி இருப்பதை அதற்கு முன்பே மருத்துவர்கள் பார்த்திருந்தார்கள். பார்த்துவிட்டு, 'ஐயோ, இது கிருமியைச் சுமந்துகொண்டு போய் உடம்பு முழுக்கப் பரப்புகிறது' என்று நினைத்தார்கள். அதே காட்சி. ஒருவர் கண்ணுக்கு அது கடத்தல்காரன், இன்னொருவர் கண்ணுக்கு அது தின்று தீர்க்கிறவன். தின்கிற செல் என்ற பொருளில் கிரேக்கத்திலிருந்து ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் விழுங்கு செல் என்கிறோம். 1908-இல் அவருக்கு நோபல் பரிசு, பால் ஏர்லிக் என்ற ஜெர்மானியரோடு சேர்த்து. பரிசு வாங்கிய அதே டிசம்பர் கடைசியில் மெசினா நகரம் பூகம்பத்தில் தரைமட்டமானது. அதை நினைத்தால் எனக்கு எப்போதும் மனசு ஒரு மாதிரி ஆகும்.

சரி, அந்த மொய்த்த செல்லுக்கு வருவோம். நம் ரத்தத்தில் அதே வேலையைச் செய்கிறவர்களில் முக்கியமானது ஒன்று. புத்தகத்தில் நியூட்ரோஃபில். லேபில் நாங்கள் பாலிமார்ஃப் என்போம். எண்ணும்போது அதுவும் இல்லை, வெறும் 'பி'. ரத்தச் சொட்டை ஸ்லைடில் இழுத்து, காயவைத்து, லீஷ்மன் சாயம் ஊற்றிக் கழுவி, எண்ணெய் லென்ஸுக்கு அடியில் வைத்தால், ரோஜா நிறத்தில் ஒரு வட்டம். அதற்குள் ஊதா நிறத்தில் மூன்று நாலு உருண்டைகளை நூலில் கோத்து முறுக்கினாற்போல் உட்கரு. அதுதான் பி. வெள்ளணுக்களில் பாதிக்கு மேல் இதுதான் இருக்கும். நம் எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10,000 கோடி பி தயாரிக்கிறது. நான் தப்பாகப் படிக்கவில்லை, ஒரு நாளைக்குத்தான். தயாரித்து என்ன? ரத்தத்துக்குள் வந்த பிறகு அதன் ஆயுசு பெரும்பாலும் ஒரு நாள்கூட முழுசாக இருக்காது. கிருமி வந்தாலும் சாகும், வராவிட்டாலும் சாகும். வராவிட்டால் வீண்தானே என்று கேட்பீர்கள். தீயணைப்பு வண்டி நாள் முழுக்கச் சும்மா நிற்கிறது என்று யாராவது குறைபட்டுக்கொள்கிறோமா?

இந்த பி பாதியளவு ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும், மீதி ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு ஓய்வாக இருக்கும். இது எனக்கு அனுபவத்தில் தெரியும். ஊசியைப் பார்த்ததும் கத்திக் கதறி அழுகிற குழந்தையின் ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை கூடத்தான் இருக்கும். அழுத அழுகையில் சுவரில் ஒட்டியிருந்ததெல்லாம் ஓட்டத்தில் கலந்துவிடும். சீட்டைப் பார்த்துவிட்டு அம்மா பதறுவாள். நான் குழந்தை அழுததா என்றுதான் முதலில் கேட்பேன்.

முள் குத்திய இடத்துக்கு பி எப்படி வந்து சேர்கிறது? அங்கே காயம்பட்ட செல்களும், முன்பே குடியிருக்கிற பெரிய விழுங்கு செல்களும் ரசாயனச் சேதி அனுப்புகின்றன. பக்கத்து ரத்தக் குழாய் விரிகிறது. அதனால்தான் சிவப்பு, அதனால்தான் சூடு. குழாய்ச் சுவர் இளகி நீர் கசிகிறது. அதனால் வீக்கம். நரம்பு இழுபட்டு, அதே ரசாயனங்கள் உறுத்தி, வலி. ஓடிக்கொண்டிருந்த பி சுவரைப் பிடித்து உருண்டு, நின்று, உடம்பை நசுக்கி நெளித்துக்கொண்டு சந்து வழியாக வெளியே போகிறது. போய்க் கிருமியை விழுங்குகிறது. விழுங்கிய பிறகு எப்படிக் கொல்கிறது தெரியுமா? ஊரில் காலரா பயம் வந்தால் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுவார்கள் அல்லவா? அதில் வேலை செய்கிற சரக்கு ஹைப்போகுளோரஸ் அமிலம். பி தன் வயிற்றுக்குள் அதே அமிலத்தை, நம் உடம்பு உப்பிலிருந்தே, கொஞ்சமாகத் தயாரித்துக் கிருமிமேல் ஊற்றுகிறது. எனக்கு இதை முதல்முறை படித்தபோது நம்பிக்கை வரவில்லை. நம் உடம்புக்குள் பிளீச்சிங் பவுடரா என்று.

அந்த அமிலம் செய்கிற நொதிக்கு நிறம் பச்சை. சீழும் கெட்டிச் சளியும் பச்சையாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம் அதுதான். கிருமியின் நிறம் என்று நினைக்கிறோம், இல்லை. செத்துப்போன பி-யின் நிறம். 'சளி பச்சையாகிவிட்டது, ஆண்டிபயாட்டிக் கொடுங்கள்' என்று மருந்துக்கடையில் போய் நிற்கிறோமே, பச்சை என்பது பி வந்து வேலை பார்த்தது என்பதற்கு அடையாளம். வைரஸ் சளியிலும் பச்சை வரும், அதற்கு ஆண்டிபயாட்டிக் பிரயோஜனம் இல்லை. நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். மூச்சு வாங்குகிறதா, காய்ச்சல் நாள் கணக்கில் நிற்கிறதா, நெஞ்சு வலிக்கிறதா, அதைப் பார்த்து டாக்டரிடம் போங்கள்.

ஆக, சீழ் என்பது பெரும்பாலும் செத்த பி-யின் குவியல். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு சம்பவம். வருஷம் ஊர் எல்லாம் வேண்டாம். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மாள். அந்த மருந்து வேகமாகப் பெருகுகிற செல்லையெல்லாம் அடிக்கும். மஜ்ஜையும் அப்படிப்பட்டதுதானே, அதனால் பி அடியோடு குறைந்துவிடும். ரத்தம் எடுக்கப் போனபோது அவர் ஈறில் ஒரு புண். கறுத்து, காய்ந்து கிடந்தது. கூட இருந்த மகள், "சீழ் எதுவும் வைக்கலைம்மா, சுத்தமா இருக்கு, ஆறிடும்ல?" என்று கேட்டாள். நான் அந்த அம்மாளின் ஸ்லைடை எண்ண உட்கார்ந்தேன். நூறு அணு எண்ண வேண்டும். ஸ்லைடை ஓரத்திலிருந்து ஓரம் தேடியும் பி ஏழோ எட்டோதான் கிடைத்தது. சீழ் வைக்க ஆளே இல்லை. அதனால்தான் புண் சுத்தமாக இருந்தது. சீட்டை எழுதி ஆள்வசம் அனுப்பாமல் நானே வார்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். உடனே பார்த்ததால் அவர் தப்பினார். இப்போதும் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுகிற வீட்டுக்காரர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்று சொல்கிறேன். அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ராத்திரி இரண்டு மணி என்றாலும் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

முள் குத்தினால் அப்பத்தா மாதிரி காத்திருக்கலாமா என்று நாளைக்கு யாரும் எழுதிக் கேட்க வேண்டாம். கூடாது. ரண ஜன்னிக் கிருமியின் விஷத்தை இந்தப் பிறவிக் காப்பு ஒன்றும் செய்ய முடியாது. அதற்குத் தடுப்பூசிதான். முகத்தில் வருகிற கட்டியைப் பிதுக்கவும் கூடாது. எனக்கு அப்பத்தா வாய்த்தது அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

தோலைப் பற்றி இரண்டு வார்த்தை. தோலின் மேல்பாகம் செத்த செல்களின் அடுக்கு. கிருமி ஒட்டினாலும், செதில் உதிரும்போது அதுவும் சேர்ந்து உதிரும். மேலே லேசான புளிப்பு, வியர்வையின் உப்பு, எண்ணெய்ப் பிசுக்கு. பிறந்த குழந்தையின் உடம்பில் வெண்ணெய் தடவினாற்போல் ஒரு வெள்ளைப் பூச்சு இருக்கும் பாருங்கள், அதிலும் கிருமியைக் கொல்கிற சரக்கு உண்டு. நாம் அதை அழுக்கு என்று நினைத்து, பிறந்த உடனே வெந்நீர் ஊற்றித் தேய்த்து எடுத்துவிடுவோம். முதல் குளியலை ஒரு நாளாவது தள்ளிப்போடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குழந்தைக்குக் குளிர் அடிக்காமல் இருக்கவும் அதுதான் நல்லது.

மூச்சுக் குழாயில் வேறு ஏற்பாடு. உள்ளே முழுக்கப் பிசுபிசுப்பான சளிப் படலம். அதற்கடியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகள், காற்றில் நாற்று சாய்வதைப்போல எல்லாம் ஒரே திசையில், நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அடித்துக்கொண்டே இருக்கும். மாட்டிய தூசியையும் கிருமியையும் தொண்டைக்குத் தள்ளிவிடும். நாம் அறியாமலே விழுங்குகிறோம், வயிற்று அமிலத்தில் போய் முடிகிறது. பீடி சிகரெட் புகை இந்த இழைகளை மரத்துப்போகச் செய்துவிடும். புகைக்கிறவர்கள் காலையில் எழுந்ததும் இருமி இருமிக் காறுவதற்கு அது ஒரு காரணம். இழை செய்யாத வேலையை இருமல் செய்கிறது.

அப்புறம் கண்ணீர். இதில் எனக்குப் பிடித்த இன்னொரு மனிதர் வருகிறார். அலெக்சாண்டர் ஃபிளெமிங். பெனிசிலின்காரர். பெனிசிலினுக்கு ஏழு வருஷம் முன்னால், 1921-இல், லண்டனில் அவருக்குச் சளி பிடித்திருந்தது. மூக்குச் சளியைக் கிருமி வளர்க்கிற தட்டில் போட்டுப் பார்த்திருக்கிறார். சளி இருந்த இடத்தைச் சுற்றிக் கிருமி கரைந்து போயிருந்தது. பிறகு கண்ணீரிலும் எச்சிலிலும் முட்டை வெள்ளைக்கருவிலும் அதே சரக்கைக் கண்டுபிடித்து லைசோசைம் என்று பெயர் வைத்தார். பரிசோதனைக்குக் கண்ணீர் வேண்டுமே? கூட வேலை பார்த்தவர்கள் கண்ணில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து எடுத்திருக்கிறார். நல்லவேளை, நான் அவருடைய லேபில் வேலைக்குச் சேரவில்லை.

முட்டை என்றதும் ஒன்று தோன்றுகிறது. கோழியை அடையில் வைத்தால் 21 நாள் முட்டை அதன் வயிற்றுச் சூட்டில் கிடக்கிறது. சாதம் அந்தச் சூட்டில் ஒரு ராத்திரி தாங்காது. முட்டைக்குள் எவ்வளவு சத்து, கிருமிக்கு அது விருந்து. ஆனாலும் கெடாமல் குஞ்சாகிறதே, எப்படி? ஓட்டைத் தாண்டி வருகிற கிருமியை வெள்ளைக்கருவில் இருக்கிற இந்த லைசோசைமும், கிருமிக்குத் தேவையான இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிற இன்னொரு புரதமும் பார்த்துக்கொள்கின்றன. நம் கண்ணீரிலும் தாய்ப்பாலிலும், குறிப்பாகச் சீம்பாலில், இதே ஏற்பாடுதான். சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விடுகிற வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது என்று கேள்வி. இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

நேரத்தைப் பார்க்கிறேன். காய்ச்சலைச் சொல்லாமல் விட முடியாது.

காய்ச்சலும் கிருமி செய்வதில்லை. பெரும்பாலும் உடம்பு செய்வதுதான். விழுங்கு செல்கள் அனுப்புகிற சேதி மூளையின் அடியில் இருக்கிற ஒரு சின்ன இடத்துக்குப் போகிறது. உடம்பு எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிற அளவை அது ஏற்றிவிடுகிறது. அளவு ஏறிய நிமிஷத்தில் உடம்பு இன்னும் பழைய சூட்டில் இருப்பதால் குளிர்கிறது. பல் கிட்டுகிறது, கம்பளியைத் தேடுகிறோம். நடுங்கி நடுங்கித் தசை சூட்டைக் கிளப்புகிறது. குளிர்ஜுரம் என்கிறோமே, அது இதுதான்.

சூட்டால் பயன் உண்டா? 1975-இல் அமெரிக்காவில் குளுகர் என்பவர் ஓணான் மாதிரியான ஒரு பாலைவனப் பிராணியை வைத்துப் பார்த்தார். அதற்குத் தானாக உடம்புச் சூட்டைக் கூட்டத் தெரியாது. வெயிலில் போய்க் காயும், நிழலுக்கு ஓடும். கிருமி ஏற்றினால் அது வழக்கத்தைவிடச் சூடான இடமாகப் பார்த்துப் போய்ப் படுத்துக்கொண்டது. அப்படிப் போக விடாமல் குறைந்த சூட்டில் வைத்தவை பெரும்பாலும் செத்தன. அதிகச் சூட்டில் வைத்தவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன. காய்ச்சல் மாத்திரையே போடாதீர்கள் என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம். நாம் ஓணான் இல்லை. தெர்மாமீட்டரில் 100 தாண்டியதுமே வீடே கதிகலங்க வேண்டாம் என்கிறேன். பிள்ளை விளையாடுகிறதா, தண்ணீர் குடிக்கிறதா, சிறுநீர் போகிறதா என்று பாருங்கள். துவண்டு கிடந்தால், மூன்று மாதத்துக்குக் குறைந்த சிசுவாக இருந்தால், உடனே டாக்டர்.

இனி என்னுடைய ஒரே கோபம். 'நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்று பிஸ்கெட்டிலிருந்து பழச்சாறு வரைக்கும் ஒட்டி விற்கிறார்கள். கூட்டினால் நல்லது என்று யார் சொன்னது? கூட்டிக்கொண்டே போக இது போன் சார்ஜ் இல்லை. அடுப்பு. கொரோனா காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூனில் பிரிட்டனில் பெரிய பரிசோதனை ஒன்றின் முடிவு வந்தது. டெக்சாமெத்தசோன் என்ற பழைய, விலை குறைந்த ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஸ்டீராய்டு என்ன செய்யும்? எதிர்ப்பை அடக்கும். அந்தக் கட்டத்தில் நுரையீரலை எரித்துக்கொண்டிருந்தது வைரஸைவிட உடம்பின் சொந்த நெருப்புதான். அதை அணைத்ததால் பிழைத்தார்கள். ஆனால் ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதே மருந்தால் பலன் இல்லை.

அந்த இரண்டாவது பாதியை நம்மில் பலர் கேட்கவில்லை. 2021-இல் தேவை இல்லாதவர்களுக்கும், தேவைக்கு மேலும் ஸ்டீராய்டு போனது. சர்க்கரையோ கட்டுப்பாட்டில் இல்லை. சர்க்கரை ஏறினால் பி மந்தமாகிவிடும், நகராது, விழுங்காது. மண்ணிலும் காற்றிலும் எப்போதும் இருக்கிற ஒரு பூஞ்சை, சாதாரண நாளில் நம் மூக்குக்குள் வந்தால் சத்தமில்லாமல் தின்றுவிடுகிற பூஞ்சை, மூக்கிலிருந்து கண்ணுக்கு ஏறியது. கரும்பூஞ்சை என்று பேப்பரில் தினமும் வந்ததே, மறந்திருக்க மாட்டீர்கள். அடுப்பு கூடினாலும் ஆபத்து, அணைந்தாலும் ஆபத்து. பிஸ்கெட் கம்பெனி இதில் எந்தப் பக்கம் என்று எனக்குப் புரியவே இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். எடுத்து வந்த தாளில் இன்னும் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. சரி, ஓட்டமாகச் சொல்கிறேன்.

இந்தச் செல்லுக்கு இது கிருமி என்று எப்படித் தெரிகிறது? வாசலில் படுத்திருக்கிற நாய்க்கு வந்தவன் பேர் தெரியாது, வீட்டு ஆள் வாசனை இல்லை என்று மட்டும் தெரியும். அது போலத்தான். கிருமிகளிடம் பொதுவாக இருந்து நம்மிடம் இல்லாத சில பொருட்களை மோப்பம் பிடிக்கிற மூக்கு இந்தச் செல்களில் இருக்கிறது. அதன் பெயர் டோல். ஈயை ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு ஜெர்மன் விஞ்ஞானி ஏதோ பார்த்துவிட்டு 'டோல்!' என்றார், நம் ஊரில் 'அட, பிரமாதம்!' என்கிறமாதிரி. அதுவே பெயராக நின்றுவிட்டது. 1996-இல் பிரான்சில் ஹாஃப்மன் குழுவினர், டோல் இல்லாத ஈயின் உடம்பெல்லாம் பூஞ்சை மயிராக முளைத்து அது சாவதைப் பார்த்தார்கள். 1998-இல் அமெரிக்காவில் பாய்ட்லர் எலியிலும் அதே மாதிரி ஒன்றைக் காட்டினார். 2011-இல் நோபல். வைரஸ் புகுந்த செல் பக்கத்து வீட்டுக்குச் சொல்லி அனுப்புகிற இன்டர்ஃபெரான் 1957-இல் தெரிந்தது. கிருமியின் சுவரில் ஓட்டை போடுகிற காம்ப்ளிமென்ட் புரதங்கள் இருக்கின்றன. அதற்கு ஒரு தனி உரை வேண்டும், கூப்பிட்டால் வருகிறேன்.

ஒரு விரல் ஆகிவிட்டது. உங்கள் வீட்டுப் பீரோவில் பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு ஏதாவது கிடந்தால் இன்றைக்கு எடுத்துப் பாருங்கள். டி.சி. என்று இருக்கிற இடத்தில் பி 64, எல் 30, ஈ 6 என்பதுபோல் ஏதாவது எழுதியிருக்கும். முதலில் இருக்கிற அந்த பி-தான் நான் இவ்வளவு நேரம் பேசியது. எங்கேயோ ஒரு லேபில் யாரோ ஒருவர் குனிந்து உட்கார்ந்து எண்ணியது. வணக்கம்.